சைலன்சர் மாற்றியதும் மெயின் ஜெட்டில் கை வைக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சைலன்சர் மாற்றிய பைக்குகளைப் பற்றி நாளிதழில் செய்தி வந்தால் அதில் சத்தமும் அபராதமும்தான் இருக்கும். இரண்டும் எழுத வேண்டியவைதான். ஆனால் வேறு சைலன்சர் வாங்கும் இளைஞர் கடையில் கேட்பது வேறு: "அண்ணே, இதுக்கு ட்யூனிங் பண்ணணுமா?" காட்பாடியிலிருந்து ஆற்காடு வரை இதற்கு இரண்டு பதில்தான் புழக்கத்தில் இருக்கிறது. "ஒண்ணும் வேணாம் தம்பி, அப்படியே ஓட்டு" என்பது ஒன்று. "மெயின் ஜெட் ஒரு சைஸ் ஏத்திட்டா சரியாயிடும்" என்பது மற்றொன்று. (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்பரேட்டரில், பெட்ரோல் வரும் அளவைத் தீர்மானிக்கும் துளையுள்ள சிறு பாகம்தான் ஜெட்.) இரண்டுமே வண்டியைப் பார்க்காமல் சொல்லும் பதில்கள். எந்த வண்டி, பைப்பில் எந்தப் பகுதி மாறியது, ஏர் ஃபில்டர் பக்கம் யாராவது கை வைத்தார்களா என்பது தெரியாமல் ட்யூனிங் (பெட்ரோல்-காற்றுக் கலவையைச் சரிசெய்வது) வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்ல முடியாது. வண்டிக்காரர்கள் தாங்களே பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடிய விஷயங்கள் இதில் நிறைய உண்டு. அவற்றைத் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறோம்.

சட்டத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, சத்தம், புகை விதிகளை மீறி ஓட்டினால் 190(2) பிரிவில் 3 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முதல் தடவையே 3 மாதத்துக்கு லைசென்ஸும் போகும். 80 முதல் 175 சிசி வரையுள்ள வண்டி கம்பெனியிலிருந்து வெளிவரும்போது 77 டெசிபலும், அதற்கு மேற்பட்ட சிசி வண்டி 80 டெசிபலும் தாண்டக் கூடாது என்பது 2005 முதல் உள்ள வரம்பு. ஐடா ஸ்கடர் சாலையில் மருத்துவமனை வாசலைக் கடக்கும்போது உள்ளே படுத்திருப்பவர்களுக்கு இந்த எண்களெல்லாம் தேவையில்லை, காதே போதும். புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை அறுத்து எடுக்கச் சொல்லி யார் வந்தாலும் எந்த மெக்கானிக்கும் ஒப்புக்கொள்ளக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. வண்டி கம்பெனியே துணைப்பொருளாக விற்கும், வரம்புக்குள் நிற்கும் சைலன்சரை மாட்டுபவர்களுக்காகவும், ஏற்கெனவே வேறு பைப் மாட்டிவிட்டு வண்டி இடக்கு செய்கிறதே என்று தவிப்பவர்களுக்காகவும்தான் இதை எழுதுகிறோம். பின்னவர்கள் பழைய சைலன்சரை எடைக்குப் போட்டிருக்க மாட்டார்கள் என்று நம்புகிறோம். பெரும்பாலான வண்டிகளுக்கு அதைத் திரும்ப மாட்டுவதே முழுமையான ட்யூனிங்.

இனி இன்ஜினுக்கு வருவோம். "இன்ஜினுக்கு பேக் பிரஷர் வேணும், அது இல்லாம பிக்கப் போயிடும்" என்று ஊரே சொல்கிறது. பிக்கப் குறைவது உண்மை. காரணம்தான் தவறு. புகையை அடைத்து நிறுத்தும் அழுத்தத்தால் எந்த இன்ஜினுக்கும் நன்மை கிடையாது. எரிந்த புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் கிளம்பும் அழுத்த அலை, இன்ஜினிலிருந்து சைலன்சருக்குப் போகும் பெண்ட் பைப் வழியாகப் போய், குழாய் சட்டென்று அகலமாகும் இடத்தில் முட்டி, உறிஞ்சும் அலையாகத் திரும்பி வருகிறது. இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டு வால்வும் ஒருசேரத் திறந்திருக்கும் அந்தச் சிறிது நேரத்தில் அது வந்து சேர்ந்தால், சிலிண்டரில் தங்கிய புகையை இழுத்துக்கொண்டு போய்ப் புதுக் கலவைக்கு இடம் விடும். எந்த ஆர்பிஎம்மில் அந்த அலை சரியாக வந்து சேரும் என்பதைக் குழாயின் நீளமும் விட்டமும் தீர்மானிக்கின்றன. நீளத்தைக் குறைத்து, விட்டத்தைக் கூட்டி, உள்ளே தடுப்பில்லாமல் செய்த பைப் அந்த உதவியை மேல் ஆர்பிஎம்முக்குத் தள்ளிவிடுகிறது. அதனால்தான் பழைய பஸ் ஸ்டாண்ட் நெரிசலில் முன்பு இரண்டாம் கியரில் இழுத்த வண்டி இப்போது முதல் கியர் கேட்கிறது. இதை எந்த ஜெட்டாலும் சரிசெய்ய முடியாது. பைப்பின் அளவில் இழந்ததைப் பெட்ரோல் ஊற்றி மீட்க முடியாது என்பதை வாங்கும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

கார்பரேட்டர், தன் வழியே போகும் காற்றின் இழுப்பை வைத்துத்தான் பெட்ரோலை எடுக்கிறது. காற்று கொஞ்சம் கூடுதலாகப் போனால் பெட்ரோலும் கூடவே கொஞ்சம் ஏறும். ஆகவே பெண்ட் பைப்பைத் தொடாமல் பின்பக்க உருளையை மட்டும் மாற்றிய வண்டியில் கலவை பெரிதாகக் கெடுவதில்லை. பல வண்டிகளில் கலவையைத் திருத்தும் மிக்சர் ஸ்க்ரூவைக் கால் சுற்று, அரைச் சுற்று திருப்புவதோடு வேலை முடிந்துவிடும். சில வண்டிகளுக்கு அதுவும் தேவைப்படாது. பெண்ட் பைப் முதல் வால் வரை மொத்தமும் மாறினால் சோதித்தே ஆக வேண்டும். ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு கார்பரேட்டர் வாயில் நேராகக் கூம்பு ஃபில்டர் மாட்டியிருந்தால் கதையே வேறு. பெட்டி இருக்கும்போது கார்பரேட்டரின் குறுகிய கழுத்தில் இருந்த இழுப்பு குறைந்து, ஜெட்டிலிருந்து பெட்ரோல் ஏறுவதே குறைகிறது. கலவை சட்டென்று மெலிந்துவிடும், அதாவது பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்துவிடும். சைலன்சர் மீது சுமத்தப்படும் பழியில் பாதி உண்மையில் இந்தக் கூம்பு ஃபில்டருடையது. வாலாஜா பக்கத்துப் புழுதியில் அது வடிகட்டும் லட்சணத்தையும் சேர்த்துப் பார்த்தால், பழைய பெட்டியைத் திரும்ப மாட்டச் சொல்வதே எங்கள் முதல் ஆலோசனை.

ட்யூனிங்கைத் தொடும் முன், பைப்பில் எங்காவது காற்று கசியும் ஒழுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இதைத்தான் அதிகம் பேர் தாண்டிப் போகிறார்கள். சிலிண்டர் ஹெட்டும் பெண்ட் பைப்பும் சேரும் இடத்தில் உள்ள வளைய கேஸ்கெட் ஒரு தடவை அமுங்கினால் அமுங்கியதுதான். பைப்பைக் கழற்றும் ஒவ்வொரு தடவையும் புதியது போட வேண்டும். பழையதையே திருப்பிப் போட்டு மாட்டினால், ஆக்சிலேட்டரை விடும்போது அந்த இடைவெளியில் வெளிக்காற்று உள்ளே நுழைந்து, எரியாமல் வந்த பெட்ரோலைப் பைப்புக்குள்ளேயே பற்ற வைக்கும். 'பட் பட்' என்று வெடிக்கும். உடனே 'கலவை மெலிஞ்சிருக்கு, ஜெட் ஏத்து' என்பார்கள். ஏற்றினால் வெடிப்பு அப்படியே இருக்கும், மைலேஜ் மட்டும் குறையும்.

மாட்டும் முறையும் முக்கியம். எல்லா போல்ட்டையும் முதலில் கையால் மட்டும் ஏற்றுங்கள். ஹெட் பக்கத்து இரண்டு நட்டையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக, பைப்பின் விளிம்பு இரண்டு பக்கமும் சமமாக அமரும்படி முறுக்குங்கள். அதன் பிறகு நடுவில் உள்ள கிளாம்ப், கடைசியில் பின்பக்க போல்ட். பின்பக்கத்தை முதலில் முறுக்கினால் பைப் கோணலாக இழுத்துப் பிடித்து, கேஸ்கெட் ஒரு பக்கம் அமராமல் போகும், நாளடைவில் பிராக்கெட் விரிசல் விடும். மாட்டியதும் இன்ஜின் சூடேறும் முன், ஸ்டார்ட் செய்து, மடித்த ஈரத் துணியால் வால் துளையைச் சில நொடிகள் அடைத்துப் பாருங்கள். இன்ஜின் திணறி நின்றால் பைப் இறுக்கமாக இருக்கிறது. நிற்காமல் எங்காவது 'உஸ்' என்று சத்தம் வந்தால் ஒழுக்கு அங்கேதான். சோப்புத் தண்ணீர் விட்டால் குமிழி காட்டிக்கொடுக்கும்.

அதே வேளையில் இன்டேக் பக்கத்தையும் பாருங்கள். கார்பரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள ரப்பர் நம் வெயிலில் காய்ந்து வெடித்திருக்கலாம். ஐடிலில் (ஆக்சிலேட்டர் கொடுக்காமல்) ஓடும்போது கார்பரேட்டர் கிளீனரை அந்த ரப்பர் மேல் லேசாக அடித்து, ஆர்பிஎம் மாறினால் அங்கே விரிசல் இருக்கிறது. சூடான பைப் பக்கம் தெறிக்காமல் அடிக்க வேண்டும், தீப்பிடிக்கும் பொருள் அது. வால்வுகளுக்குரிய டேப்பட் இடைவெளியைக் கையேட்டு அளவில் வைத்து, ஏர் ஃபில்டரைத் துடைத்து, நல்ல பிளக் போட்ட பிறகே அடுத்தது. எக்ஸாஸ்ட் டேப்பட் இறுகியிருந்தாலும் இதே வெடிப்பு வரும் என்பதால் இந்த வரிசையை மாற்றக் கூடாது.

இப்போது ஜெட். மெயின் ஜெட்டை மட்டும் மாற்றும் பழக்கம் ஏன் தவறு என்பது, கார்பரேட்டரில் எந்தப் பாகம் எப்போது வேலை செய்கிறது என்று தெரிந்தால் புரிந்துவிடும். ஆக்சிலேட்டர் மூடியிருப்பதிலிருந்து கால் பங்கு திறக்கும் வரை, ஸ்லோ ஜெட் என்று நாம் சொல்லும் பைலட் ஜெட்டும் மிக்சர் ஸ்க்ரூவும்தான் ஆட்சி. கால் பங்கிலிருந்து முக்கால் வரை, ஆக்சிலேட்டரோடு ஏறி இறங்கும் ஊசியான நீடில். முக்காலுக்கு மேல்தான் மெயின் ஜெட். சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் பள்ளிகொண்டா, ஆம்பூர் என்று 60, 70 வேகத்தில் போகும் புல்லட் பெரும்பாலும் கால் பங்கையும் அதற்குச் சற்று மேலும்தான் திறந்து ஓடுகிறது. ஊருக்குள் அதுவும் இல்லை. வண்டியின் வாழ்நாளில் பெரும் பங்கு பைலட்டிலும் நீடிலிலும் கழிய, யாரும் திறக்காத முக்கால் பங்குக்கு மேல் பெட்ரோலைக் கூட்டி என்ன பயன்?

எந்த இடத்தில் கோளாறு என்று கண்டுபிடிக்க ஒரு சின்ன வேலை செய்யுங்கள். கைப்பிடி ரப்பரில் ஒரு துண்டு வெள்ளை டேப் ஒட்டி, பக்கத்தில் நகராத பகுதியில் மூடிய நிலை, கால், அரை, முக்கால், முழு என்று ஐந்து கோடு போடுங்கள். ஓட்டும்போது எந்தக் கோட்டில் திணறுகிறது என்று பாருங்கள். அதே நிலையில் ஆக்சிலேட்டரைப் பிடித்துக்கொண்டு சோக்கைக் கொஞ்சம் இழுங்கள். வண்டி தெளிந்து இழுத்தால் அங்கே கலவை மெலிந்திருக்கிறது. இன்னும் மோசமானால் கனத்திருக்கிறது, அதாவது பெட்ரோல் மிகுந்திருக்கிறது. மெலிந்த கலவையின் மற்ற அடையாளங்கள்: ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் ஆர்பிஎம் இறங்காமல் தொங்கும், ஒரே வேகத்தில் போகும்போது முன்னும் பின்னும் இழுக்கும், காலையில் நெடுநேரம் சோக் கேட்கும், இன்ஜின் வழக்கத்தைவிடச் சுடும். கனத்த கலவையில் வால் துளை கரியாகும், பெட்ரோல் வாடை வரும், சூடானதும் ஐடில் இறங்கி நிற்கும், முழு ஆக்சிலேட்டரில் விட்டு விட்டு எரியும். பெண்ட் பைப் நீலமாவதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். ஒற்றைச் சுவர் குரோம் பைப் சரியான கலவையிலும் நீலமாகும்.

மிக்சர் ஸ்க்ரூவில் ஒரு குழப்பம் உண்டு, அதனால் கெட்ட வண்டிகள் அதிகம். ஸ்க்ரூ, காற்று வழியைத் திறந்து மூடும் ஸ்லைடுக்கு ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது ஏர் ஸ்க்ரூ, உள்ளே திருகினால் கலவை கனக்கும். இன்ஜின் பக்கம் இருந்தால் அது பெட்ரோல் ஸ்க்ரூ, உள்ளே திருகினால் கலவை மெலியும். பழைய புல்லட்டில் வந்த விஎம் வகை கார்பரேட்டரில் முதல் வகை, டயாஃப்ரம் (ரப்பர் சவ்வு) உள்ள பிஎஸ் வகை கார்பரேட்டரில் இரண்டாவது. தொடும் முன், ஸ்க்ரூ மெதுவாக அடியில் உட்காரும் வரை எத்தனை சுற்று போகிறது என்று எண்ணி எழுதி வைத்துக்கொண்டு, அதே இடத்துக்குத் திருப்புங்கள். இறுக்கி முறுக்கினால் முனை தேய்ந்து, துளையும் கெடும். பத்து நிமிடம் ஓட்டி இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி, ஒவ்வொரு தடவையும் பத்து நொடி பொறுத்து, ஆர்பிஎம் உச்சத்துக்கு வரும் இடத்தைப் பிடியுங்கள். பிறகு ஐடில் ஸ்க்ரூவால் கையேட்டு அளவுக்கு இறக்குங்கள். 100 முதல் 150 சிசி வண்டிகளில் அது பெரும்பாலும் 1,400 அருகில் இருக்கும். கடைசியாகக் கனக்கும் பக்கமாக அரைக்கால் சுற்று. தொடக்க நிலை வழக்கமாக ஒன்றரை முதல் இரண்டு சுற்று. பெட்ரோல் ஸ்க்ரூவை மூன்று சுற்றுக்கு மேல் திறந்தும் உச்சம் கிடைக்கவில்லை என்றால் பைலட் ஜெட் சிறியது, ஒரு சுற்றுக்குள்ளேயே கிடைத்தால் பெரியது. ஏர் ஸ்க்ரூவில் இந்தக் கணக்கு தலைகீழ்.

நீடிலில் கிளிப் வைக்கும் பள்ளங்கள் இருந்தால், கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்குவது நீடிலை மேலே தூக்கும், கலவை கனக்கும். நம் சாலையில் ஓடும் பல வண்டிகளில் ஒரே பள்ளம்தான் இருக்கும். அங்கே கிளிப்புக்கு அடியில் அரை மில்லிமீட்டர் பித்தளை வாஷர் ஒன்று போதும். ஒன்று போட்டு ஓட்டிப் பார்த்த பிறகே இரண்டாவதைப் பற்றி யோசியுங்கள். டயாஃப்ரம் ரப்பரில் ஊசித் துளை இருந்தால் இந்த வேலை எதுவும் பலிக்காது, மூடியைத் திறந்ததும் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

மெயின் ஜெட்டை மாற்றித்தான் ஆக வேண்டும் என்று தெரிந்தால், ஏற்கெனவே உள்ளதன் எண்ணைப் படித்து, 2.5 எண் மட்டும் ஏற்றுங்கள். விட்டத்தை எண்ணாகக் குறிக்கும் வகையில் 100-லிருந்து 105-க்குப் போவது பார்வைக்கு 5 சதவீதம். துளையின் பரப்போ 10 சதவீதம் கூடிவிடும். ஒரு கம்பெனி எண்ணையும் வேறு கம்பெனி எண்ணையும் ஒப்பிடக் கூடாது. சிலர் விட்டத்தை எண்ணாகப் போடுகிறார்கள், சிலர் ஒரு நிமிடத்தில் ஓடும் அளவைப் போடுகிறார்கள். ஜெட் கிடைக்கவில்லை என்று கம்பியாலோ ஊசியாலோ குடைந்து பெரிதாக்குவதை அறவே விட்டுவிட வேண்டும். குடைந்த ஜெட்டின் அளவு இனி யாருக்கும் தெரியாது. அந்த வண்டியை அடுத்துத் தொடுபவர் இருட்டில்தான் வேலை செய்வார்.

ஏற்றத்தில், ஆள் நடமாட்டமில்லாத இடத்தில், மூன்றாம் கியரில் முழு ஆக்சிலேட்டர் கொடுத்து, சற்றே விடுங்கள். விட்டதும் வண்டி ஒரு கணம் முந்தி இழுத்தால் ஜெட் சிறியது. தடுமாறினால் பெரியது. மெல்ல வேகம் குறைந்தால் சரி. ஏலகிரிக் கொண்டை ஊசி வளைவுகள் இந்தச் சோதனைக்கான இடம் அல்ல.

இந்த ஊரில் கலவையைப் பற்றிப் பேசும்போது இரண்டு விஷயங்களை ஒதுக்க முடியாது. ஒன்று பெட்ரோல். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். 20 சதவீதக் கலப்புக்கு 13.5 கிலோ போதும். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதுதான் காரணம். முன்பு 10 சதவீதக் கலப்புக்குச் சரியாக இருந்த கார்பரேட்டர், யாரும் தொடாமலேயே சுமார் 4 சதவீதம் மெலிந்துவிட்டது. கம்பெனி வைத்திருந்த தாராளம் ஏற்கெனவே கரைந்திருக்கிறது என்று இதற்குப் பொருள். 'பத்து வருஷம் முன்னாடி இதே சைலன்சரை ஜெட் மாத்தாமலே ஓட்டினோம்' என்பவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மற்றொன்று வெயில். ஜனவரி விடியலில் 20 டிகிரி, கத்திரி மதியத்தில் 42 டிகிரி என்றால் காற்றின் அடர்த்தி 7 சதவீதம் குறைகிறது. கார்பரேட்டரில் அதில் பாதியளவு கலவை கனக்கும். மே மாத மதியத்தில் கச்சிதமாக வைத்த வண்டி மார்கழிக் காலையில் மெலிந்து நிற்பது இதனால்தான். ட்யூனிங்கைக் காலை ஒன்பது மணிக்குள் செய்யுங்கள், கனக்கும் பக்கம் ஒரு துளி விட்டு வையுங்கள். ஏறக்குறைய 1,100 மீட்டர் உயரமுள்ள ஏலகிரிக்கு ஞாயிற்றுக்கிழமை போய்வர ஜெட் மாற்ற வேண்டியதில்லை. மேலே கொஞ்சம் கனத்து ஓடும், கீழே இறங்கினால் சரியாகிவிடும்.

2020 ஏப்ரல் 1 முதல் வந்த பிஎஸ்-6 (பாரத் ஸ்டேஜ் 6 என்ற புகை விதி) வண்டிகளில் பெரும்பாலானவற்றில் ஜெட் என்ற பேச்சுக்கே இடமில்லை. பெண்ட் பைப்பில் உள்ள ஆக்சிஜன் சென்சர் புகையைப் பார்த்துச் சொல்ல, ஐடிலிலும் சீரான வேகத்திலும் இசியு என்ற மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி தானே பெட்ரோலைக் கூட்டிக் குறைத்துக்கொள்கிறது. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள உருளை மட்டும் மாறியிருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். முழு ஆக்சிலேட்டரில் இசியு சென்சரைக் கேட்பதில்லை, உள்ளே பதிந்த கணக்குப்படி ஊற்றும். முழு பைப்பும் மாறிய வண்டியில் கவலைப்பட வேண்டியது அங்கேதான்.

இந்த வண்டிகளில் ஒழுக்கு செய்யும் வேலை விசித்திரமானது. சென்சருக்கு முன்னால் பைப்பில் காற்று புகுந்தால், சென்சர் அதை மெலிந்த கலவை என்று சொல்லும், இசியு பெட்ரோலைக் கூட்டும். பிளக் கரியாகும், மைலேஜ் விழும். வண்டிக்காரர் கையில் கரி பிடித்த பிளக்கோடு 'பைப் மாத்தினதும் இன்ஜின் ரிச் ஆயிடுச்சு, ரீமேப் பண்ணணும்' என்று வந்து நிற்பார். தேவை ஒரு கேஸ்கெட்தான். சென்சரை மாட்டும் புதிய பைப்பின் மரை 12 மில்லிமீட்டரா 18 மில்லிமீட்டரா என்று வாங்கும் முன் பாருங்கள். அது இருக்கும் தூரம் பழைய பைப்பில் உள்ளது போலவே இருக்க வேண்டும், முனையில் தண்ணீர் தேங்காதபடி சென்சர் மேல்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். சென்சரைக் கழற்றி ரெசிஸ்டர் மாட்டி எச்சரிக்கை விளக்கை அணைப்பவர்களிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். வண்டிக்கு இருந்த ஒரே மூக்கை அடைத்துவிட்டு வாசனை சரியாக இருக்கிறது என்பதற்கு அது சமம்.

இசியுவின் கணக்கைத் திருத்தும் பிக்கிபேக் பெட்டியோ, அந்தக் கணக்கையே மாற்றி எழுதும் ரீமேப்போ போடுவதாக இருந்தால், பைப்பில் கலவையைத் துல்லியமாக அளக்கும் வைட்பேண்ட் சென்சர் மாட்டி அளந்து போடுபவரிடம் மட்டும் போடுங்கள். சீரான ஓட்டத்தில் லாம்டா (முழுதாக எரியத் தேவையான காற்றோடு ஒப்பிட்டால் உள்ள காற்று எத்தனை பங்கு என்ற எண்) 1, முழு ஆக்சிலேட்டரில் 0.86 முதல் 0.90 வரை என்பது காற்றால் குளிரும் ஒற்றை சிலிண்டருக்குப் பொருத்தமான குறி. பெட்ரோல் கணக்கில் காட்டும் மீட்டரில் 0.88 என்பது 12.9 என்று தெரியும். எத்தனால் கலந்தாலும் லாம்டா மாறாது, அதனால் லாம்டாவிலேயே பேசுவது நல்லது. வேறொரு ஊரில் வேறொரு வண்டிக்குப் போட்ட ஃபைலை அப்படியே ஏற்றுவது ட்யூனிங் அல்ல.

ஆர்எக்ஸ் 100, பழைய யெஸ்டி போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். டூ ஸ்ட்ரோக்கில் சைலன்சர் இன்ஜினின் ஒரு பாகமே. எக்ஸாஸ்ட் வாய் வழியாகத் தப்பி ஓடும் புதுக் கலவையைத் திருப்பித் தள்ளி உள்ளே அடைப்பது அதன் வயிற்று வடிவம்தான். உள்ளே உள்ள பேஃபில் தடுப்பை உருவினாலோ வேறு பைப் மாட்டினாலோ ஜெட்டைச் சோதிக்காமல் ஒரு நாளும் ஓட்டக் கூடாது. ஃபோர் ஸ்ட்ரோக் மெலிந்தால் திணறிக் காட்டும். டூ ஸ்ட்ரோக் மெலிந்தால் சிறிது நேரம் நன்றாக ஓடுவது போலவே இருந்து பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஆயில் கலந்த பெட்ரோலில் ஓடும் வண்டியில் பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் சேர்ந்து குறைகிறது என்பதை மறக்க வேண்டாம். இங்கே மட்டும் மெயின் ஜெட்டை முதலில், கனக்கும் பக்கத்திலிருந்து தொடங்கி, படிப்படியாக இறக்க வேண்டும்.

அளக்கக் கருவி இல்லையே என்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. வேலூரிலும் ராணிப்பேட்டையிலும் திருப்பத்தூரிலும் உள்ள புகைப் பரிசோதனை மையங்களில் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் அளக்கும் கருவி இருக்கிறது. சான்றிதழில் 'தேர்ச்சி' என்ற ஒரு சொல்லைப் பார்த்துவிட்டு மடித்து வைக்கிறோம். எண்ணைப் பாருங்கள். கன்வெர்ட்டர் இல்லாத ஃபோர் ஸ்ட்ரோக் கார்பரேட்டர் வண்டியில் ஐடிலில் 1.5 முதல் 3 சதவீதம் கார்பன் மோனாக்சைடு என்றால் கலவை சரியான இடத்தில் இருக்கிறது. 2000-க்குப் பிறகு வந்த இத்தகைய பழைய வண்டிகளுக்குச் சட்ட வரம்பு 3.5 சதவீதமும் 4,500 பிபிஎம் ஹைட்ரோகார்பனும். கார்பன் மோனாக்சைடு 0.3 என்று வந்தால் பெருமைப்பட வேண்டாம். கூடவே ஹைட்ரோகார்பன் ஏறியிருந்தால் கலவை மெலிந்து மிஸ்ஸிங் ஆகிறது, அல்லது பைப்பில் காற்று புகுகிறது. குட்டையான திறந்த பைப்பில் கருவியின் குழல் ஆழமாகப் போகாது. வெளிக்காற்று கலந்து பொய்யாகக் குறைத்துக் காட்டும். ஹெட்டுக்குக் காற்று அனுப்பும் வால்வு உள்ள வண்டியில் அந்த ஹோஸை அளக்கும்போது மட்டும் கிளிப் போட்டு அடைத்து, முடிந்ததும் திறந்துவிட வேண்டும். கன்வெர்ட்டர் உள்ள வண்டியில் இந்த எண்ணால் கலவையை அறிய முடியாது, கன்வெர்ட்டர் அதை மறைத்துவிடும்.

சைலன்சர் மாற்றுவதற்கு முன் ஒன்று, மாற்றிய பின் ஒன்று என்று இரண்டு அளவு எடுத்து, இரண்டு சீட்டையும் வண்டிக்காரர் கையில் கொடுப்பதைச் சைலன்சர் விற்கும் கடைகள் வழக்கமாக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். எந்த எண் ஜெட் போட்டார்கள், ஸ்க்ரூ எத்தனை சுற்று, எந்தத் தேதி என்பதைப் பில்லின் பின்பக்கமே எழுதிக் கொடுக்கலாம். வட்டார போக்குவரத்து அலுவலகம் நடத்தும் சாலைப் பாதுகாப்பு முகாம்களில் புகைக் கருவி ஒன்றை வைத்து, இளைஞர்களின் வண்டிகளை அபராதம் இல்லாமல் ஒரு நாள் அளந்து காட்டினால், சத்தம் அதிகமானால் சக்தியும் அதிகமாகிவிட்டது என்ற எண்ணம் அங்கேயே பலருக்குப் போய்விடும்.

மாட்டி முடித்தவர்கள் முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும், இன்ஜின் ஆறிய பிறகு, ஹெட் நட்டுகளுக்கு ஒரு தடவை ஸ்பேனர் போட்டுப் பாருங்கள். சூடேறி ஆறியதில் புது கேஸ்கெட் அமுங்கி, நட் சற்றுத் தளர்ந்திருக்கலாம். 500 கிலோமீட்டரில் பிளக்கைக் கழற்றி, வெள்ளைப் பீங்கானின் முனையை விட்டுவிட்டு உள்ளே அடிவரை பாருங்கள். அடியில் மெல்லிய பழுப்பு வளையம் இருந்தால் வேறு எதையும் தொடாதீர்கள்.

இப்படிக்கு,
இரு சக்கர வாகன மெக்கானிக்குகள் சிலர்,
சத்துவாச்சாரி, வேலூர்.